மறைந்தார் குரலும் பதிப்பு நெறியும்

ஆடித் திங்களின் சனிக்கிழமைகளில் குச்சனூர் பெருங்கூட்டம் காணும். தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்கு அணித்தாகச் சுரபி நதிக்கரையில் அமைந்தது இவ்வூர். இங்குள்ள சனீசுவரர் கோயில் கம்பம் பள்ளத்தாக்கினரேயன்றிப் பிற மாவட்டத்தாரும் நாடி வரும் சிறப்புடையது. குச்சுப்புல்லால் கூரை வேய்ந்தமையின் குச்சனூர் ஆயிற்று என்று தலபுராணம் கூறும்; அப்பெயர்க் காரணம் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கதன்று. நாம் கருதுவது கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒலிபெருக்கியில் எழும் பாட்டுக்களையே. சீர்காழி கோவிந்தராஜன் 1988-இல் மறைந்தார்; டி. எம். சௌந்தரராஜன் 2013-இல் மறைந்தார். எள்விளக்கு ஏற்றக் காத்து நிற்கும் அடியாருள் எவரும் இறந்தோர் குரலைக் கேட்கின்றோம் எனத் திடுக்கிடுவதில்லை. அவர்கள் உயிரோடிருந்தபோது பாடினர், பாடியதைக் கேட்டு இசைந்தனர், இசைத்தட்டு வெளிவந்தது. பின்னர் அவர்கள் மறைந்தமை அப்பாட்டின் இயல்பை எவ்வாற்றானும் மாற்றவில்லை.

ஒருவர் மறைந்த பின்னரே முதன்முதல் வெளிவரும் பாட்டு இத்தகையதன்று. அதனை அவர் முடித்தாரா, முடியாது விட்டாரா, வெளியிட விரும்பினாரா, விலக்கினாரா என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. இவ்வினாக்களை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் பாட்டு மரபை ஆராயப் புகுந்த முதுகலை மாணவர் சிலர் பாடகர்தோறும் பட்டியல் தொகுத்து நம்மிடம் காட்டினர். பவதாரிணியின் பெயரின்கீழ் 1995 முதல் ஆண்டுமுறையாக வந்த பாடல்களின் இறுதியில், அவர் மறைந்து ஐந்து மாதம் கழிந்து வெளிவந்த பாடல் ஒன்றும் யாதொரு குறிப்புமின்றி இடம்பெற்றிருந்தது. அப்பாடலை அவர் பாடியதில்லை. பிழை மாணவருடையது மட்டுமன்று. அவர்கள் பார்த்து எழுதிய விளம்பரங்களும் வெளியீடுகளும் அவர் பெயரையே பாடகர் பெயராகத் தந்திருந்தன.

இதன் அருமையை உணர, அக்குடும்பத்தின் முந்தைய தலைமுறையை நோக்குதல் வேண்டும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடித் தென்மாவட்டங்கள் எங்கும் அறியப்பட்டவர். 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலின்போது, மலைத்தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாடிய பாட்டுக்கள் பெரும்பயன் விளைத்தன என்பர். தம்பியர் பாஸ்கர், பின்னாளில் இளையராஜா எனப் பெயர்பெற்ற இராசையா, கங்கை அமரன் ஆகியோர் அவருடன் ஊர்தோறும் சென்றனர். தெரிந்த மெட்டில் அன்றைய செய்தியை வைத்துக் கூட்டத்தின் முன் நின்று சொல்லடுக்கிப் பாடும் அம்முறை, இக்காலத்து இளைஞர் சொல்லிசை எனவும் ராப் எனவும் வழங்கும் கலைக்கு மிக அணுக்கமானது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆயினும், ஆளும் கட்சியைக் குத்திக்காட்டும் எள்ளலும், கேட்போரின் பேச்சுமொழியிலேயே சொல்லைத் தேரும் துணிவும், தாளத்தின்மேல் சொல்லை ஏற்றி அடிக்கும் வேகமும் இரண்டிற்கும் பொது. வரதராஜன் 1973-இல் மறைந்தார். தம்பியின் முதற்படமான ‘அன்னக்கிளி’ 1976-இல் வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டில் காலம் திரும்பிவிட்டது. மேடையில் அவர் பாடியவற்றுட் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. தம்பியர் நினைவிலும், உடனிருந்தோர் நாவிலும் எஞ்சியவையே நமக்குக் கிடைப்பன. பாவலர் கிரியேஷன்ஸ் என்னும் படநிறுவனத்தின் பெயரில் அவர் பெயர் நிலைத்தது, குரல் நிலைக்கவில்லை.

பவதாரிணி அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1976-இல், பிறந்தவர். பெரியப்பாவின் குரலை நேரிற் கேளாதவர். ‘ராசய்யா’ (1995) படத்தில் பாடத் தொடங்கி, ‘பாரதி’ (2000) படத்திற் பாடிய ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ என்னும் பாட்டிற்காகத் தேசிய விருது பெற்றார். 2024 சனவரி 25 அன்று, நாற்பத்தேழாம் அகவையில், நோய்க்கு மருத்துவம் பெறச் சென்றிருந்த இலங்கையிற் காலமானார். கூடலூரையடுத்த லோயர் கேம்ப்பில், பாட்டி சின்னத்தாயும் தாய் ஜீவாவும் துயிலும் நிலத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அதே ஆண்டு சூன் 22 அன்று, ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ என்னும் பாட்டு அவர் குரலில் வெளிவந்தது. இசையமைத்தவர் தம்பி யுவன் சங்கர் ராஜா. படத்தை இயக்கியவர் சிற்றப்பாவின் மகன் வெங்கட் பிரபு. பெங்களூரில் இப்பாட்டை அமைத்தபோதே இது தமக்கைக்குரியது என்று தோன்றியதாகவும், அவர் நலம்பெற்றதும் பாடச் செய்யலாம் என நினைத்திருந்ததாகவும், ஒரு மணி நேரத்திற்குள் இறப்புச் செய்தி வந்ததாகவும் யுவன் பின்னர் எழுதினார். அக்குறிப்பைப் படிப்போர் எவரும் உடன்பிறந்தாரின் துயரைப் பழித்தல் இயலாது. நாமும் பழிக்கவில்லை.

அக்குரல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை மட்டும் தெளிவாக அறிதல் வேண்டும். இத்தகைய செயற்கை நுண்ணறிவு முறையில், ஒருவர் முன்பு பாடிய பதிவுகள் பலவற்றைக் கணிப்பொறிக்குக் கற்பித்து அவர் குரலின் தன்மையை எண்வடிவிற் பெறுவர். பின்னர்ப் பிறரொருவர் புதுப்பாட்டைப் பாடுவார். அப்பதிவின்மேல் மறைந்தவர் குரலின் நிறம் ஏற்றப்படும். மூச்சு வாங்கும் இடம், சொல்லை அழுத்தும் பாங்கு, சுரத்தைத் தொட்டு விலகும் நயம் ஆகியவை பெரும்பாலும் உயிரோடு பாடியவரைச் சார்ந்தன. குரல்நிறம் ஒருவருடையது, பாடுதல் மற்றொருவருடையது. நம் உரையாசிரியர்கள் இதனைக் கண்டிருப்பின் என்ன பெயரிட்டிருப்பார்களோ அறியோம்.

அவ்வாண்டுச் சனவரியிலேயே, ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ என்னும் பாட்டில், 2022-இல் மறைந்த பம்பா பாக்யா, கால் நூற்றாண்டுக்கு முன் மறைந்த சாகுல் அமீது ஆகிய இருவர் குரலையும் ஏ. ஆர். ரகுமான் இம்முறையில் எழுப்பினார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றும் அவர்கட்கு உரிய ஊதியம் அளித்துமே செய்ததாக அவர் அறிவித்தமை பாராட்டத்தக்கது. சாகுல் அமீதின் பெயர் இவ்வாராய்ச்சிக்குப் பிறிதொரு வகையிலும் தொடர்புடையது. தமிழ்த் திரையில் ராப் என்னும் பெயரைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பியது ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’. அதனைப் பாடியோர் மூவர்: சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் அமீது, தேனி குஞ்சரம்மாள். அமெரிக்க நகரத் தெருவிற் பிறந்த வடிவம் தமிழிற் கால்கொண்டபோது தேனிப்பக்கத்து நாட்டுப்புறக் குரலொன்று அதில் இருந்தது என்பதைத் தமிழிசை வரலாறு எழுதுவோர் பெரிதும் குறிப்பதில்லை.

இனி, தமிழகத்தில் நிகழ்ந்த இவற்றைத் தனியே வைத்து நோக்கின் முழுமையாக விளங்கா. இளம் ராப் பாடகர் ஒருவரின் பாடல்கள் மறைவுக்குப்பின் ஆண்டுதோறும் வெளிவந்த நிகழ்ச்சி இந்நாட்டில் பஞ்சாபிலேயே விரிவாகக் காணப்படுகின்றது. சுப்தீப் சிங் சித்து என்னும் இயற்பெயருடைய சித்து மூசேவாலா, மான்சா மாவட்டத்து மூசா என்னும் சிற்றூரில் 1993-இற் பிறந்தவர். ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டவர். பஞ்சாபி நாட்டுப்புறப் பாட்டின் உரத்த குரலையும் ராப்பின் சொல்லோட்டத்தையும் இணைத்து, இந்தியாவிலும் கனடா முதலிய நாடுகளிலும் பெரும்புகழ் பெற்றார். துப்பாக்கியைப் புகழ்ந்து பாடினார் என்னும் குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. 2022 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக மான்சாவில் நின்று தோற்றார். மே 29 அன்று, சவாகர்கே என்னும் ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை இருபத்தெட்டு.

அதன்பின் நிகழ்ந்தவை பதிப்பாசிரியர் எவரும் ஊன்றி நோக்கத்தக்கவை. இறுதிச் சடங்குகள் முடியுமுன்பே அவர் தரப்பினர் இசையமைப்பாளர்கட்கு அறிவிப்பொன்று விடுத்தனர். முடிந்த பாடல் ஆயினும் முடியாத பாடல் ஆயினும் எவரும் வெளியிடுதல் கூடாது. அனைத்தையும் சூன் 8-ஆம் நாள் வழிபாட்டிற்குப் பின் தந்தையிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. முடிந்தது, முடியாதது என்னும் பாகுபாட்டை முதன்முதல் வகுத்தோர், துயரில் இருந்த அக்குடும்பத்தினரே. இசைத்துறையினரோ இரண்டையும் ஒரே சரக்காகக் கருதினர். அவ்வாண்டுச் செப்டம்பரில் ‘ஜாண்டி வார்’ என்னும் பாட்டை வெளியிட இசையமைப்பாளர் சலீம் மெர்ச்சண்ட் அறிவித்தபோது, பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். மான்சா நீதிமன்றம் தடை விதித்தது. மறைந்தவரின் படைப்புக்கு யார் காவலர் என்னும் வழக்கு, ஏட்டுச்சுவடிக் காலத்தில் வீட்டுப் பரணிலேயே முடிந்திருக்கும். இங்கு மன்றம் ஏறியது.

குடும்பத்தார் இசைவுடன் வந்த முதற்பாட்டு ‘எஸ்.ஒய்.எல்.’ 2022 சூன் 23 அன்று வெளிவந்தது. சட்லெச்-யமுனை இணைப்புக் கால்வாயைப் பற்றியது. பஞ்சாபிற்கும் அரியானாவிற்கும் இடையே பல்லாண்டாகத் தீராத தண்ணீர் வழக்கே அதன் பொருள். மூன்றே நாளில், அரசின் வேண்டுகோளின் பேரில், இந்தியாவில் யூடியூப் அதனை நீக்கியது. கம்பம் பள்ளத்தாக்கினருக்கு இப்பாட்டின் பொருளை விளக்க வேண்டா. 1895-இல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்பில் இறங்கி, முல்லையாறாய் ஓடி, இப்பள்ளத்தாக்கின் வயல்களைப் பசுமையாக்குகின்றது. 2011 திசம்பரில் அந்நீருக்காகக் கம்பத்திலும் குமுளி வழியிலும் மக்கள் திரண்டதையும், 142 அடி வரை நீர் தேக்கலாம் என 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அவர்கள் மறவார். இறந்த இளைஞன் ஒருவன் குரலில் தண்ணீர் உரிமை கேட்கப்படுமாயின் கேட்போர் நெஞ்சில் எத்துணை ஆழம் பதியும் என்பதும், ஆள்வோர் அதனை ஏன் அஞ்சினர் என்பதும் அவர்கட்கு எளிதிற் புலனாகும்.

அடுத்து வந்தது ‘வார்’. வார் என்பது பஞ்சாபியர் வீரரைப் புகழ்ந்து பாடும் பழைய கதைப்பாட்டு வகையின் பெயர். நம் பரணியோடு ஒருபுடை ஒப்புமையுடையது. சீக்கிய வீரர் அரிசிங் நல்வாவைப் பாடும் இப்பாட்டு 2022 நவம்பர் 8, குரு நானக் பிறந்தநாளன்று வெளியிடப்பட்டது. வெளியீட்டு நாளைத் தேர்ந்தவர் பாடகர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. அந்நாள் பாட்டிற்குச் சமயப் பொருளொன்றைக் கூட்டிற்று. ஆகவே நாளைத் தேர்தலும் பதிப்பாசிரியர் செயலேயாகும்.

நம் நோக்கிற்கு மிகவும் பயன்படுவது 2023 ஏப்ரல் 7-இல் வந்த ‘மேரா நா’. ‘என் பெயர்’ என்பது பொருள். இதில் நைசீரியப் பாடகர் பர்னா பாய் குரலும், இலண்டன் இசையமைப்பாளர் ஸ்டீல் பேங்கிள்ஸ் இசையும் சேர்ந்துள்ளன. சித்து தம் பெயர் எங்கும் ஒலிப்பதைத் தருக்கோடு பாடுகின்றார். அதே பாட்டில் பர்னா பாய், மறைந்த சித்துவை நினைந்து பாடுகின்றார். உயிருள்ளவன் தற்புகழ்ச்சியும் இறந்தவன்மேற் கையறுநிலையும் ஒரு பாட்டினுள் அடுத்தடுத்து நிற்கின்றன. பழைய நூலொன்றில் இவ்வாறு காணின், அகச்சான்று கொண்டு இரு காலத்துப் பகுதிகள் இவை என ஓர் இமைப்பிற் பிரித்துக் காட்டுவோம். பாட்டின் தாளுறையிலோ திரையிலோ அக்குறிப்பு வேண்டும் என ஒருவரும் கேட்கவில்லை. கேட்போர் தாமே பிரித்துணர்வர் என்பது உண்மையே; இன்று உணர்வர். நூறாண்டு கழிந்தபின் நிலை என்ன?

அமெரிக்காவில் இது புதிதன்று. 1996 செப்டம்பரில் இருபத்தைந்தாம் அகவையிற் சுடப்பட்டு இறந்த டூபாக் சக்கூரின் தொகுப்பொன்று அவ்வாண்டு நவம்பரிலேயே வெளிவந்தது. தொடர்ந்து பத்தாண்டு வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தவை அவர் முடித்தவை. போகப்போக, எஞ்சிய குரற்பதிவின்கீழ்ப் பிறர் புது இசை அமைத்தனர். 2004-இல் வந்த தொகுப்பில் அவர் குரலின் வேகமும் சொற்களும் மாற்றப்பட்டன என்று அவர் அன்பரே குறைகூறினர். இருப்பு குறையக் குறையத் தலையீடு மிகும் என்பது அவ்வரிசையை நோக்கின் தெளிவாகின்றது.

தமிழர்க்கு இச்சிக்கல் வேறு உருவிற் பழகியதே. பாரதியார் 1921-இல் மறைந்தார். ‘பாஞ்சாலி சபத’த்தின் இரண்டாம் பாகம் 1924-இலேதான் அச்சேறிற்று. அவர் பாடல்களின் பாடவேறுபாடுகளையும் காலவரிசையையும் ஆராய்வார்க்கு இன்றும் பணி எஞ்சியுள்ளது. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959 அக்டோபர் 8 அன்று இருபத்தொன்பதாம் அகவையில் மறைந்தார். அவர் எழுதிய பாட்டுக்களைக் கொண்ட ‘இரும்புத்திரை’ அடுத்த சனவரியில் வெளிவந்தது. அவர் எழுத்து முடிந்திருந்தது, பாடியவர் பிறர். ஆதலின் ஐயத்திற்கு இடமில்லை.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த முறை இங்கு நினைக்கத்தக்கது. இருநூற்றறுபத்தேழாம் பாட்டும் இருநூற்றறுபத்தெட்டாம் பாட்டும் கிடைக்கவில்லை. பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள்ளன. சங்க நடையிற் சில அடிகள் யாத்து அவ்விடங்களை நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. புள்ளியிட்டு விட்டார். அப்புள்ளிகள் இன்றும் நம்மை உறுத்துகின்றன; ஆனால் புறநானூற்றின் எஞ்சிய அடிகளை நாம் ஐயமின்றிப் படிப்பதற்கும் அப்புள்ளிகளே காரணம். கம்பராமாயணப் பதிப்புக்களில் ஐயத்திற்குரிய செய்யுட்களை நீக்காமலும் நூலுட் கலவாமலும் மிகைப்பாடல் என்று தனியே வைக்கும் முறையும் இத்தகையதே.

சட்டத்தின் நிலையைச் சுருங்கக் கூறுவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் பாடுவோர், நடிப்போர் உரிமை இடம்பெற்றது. தம் நிகழ்ச்சியைத் திரித்தலைத் தடுக்கும் உரிமை 2012-இல் சேர்ந்தது. இவை நிகழ்த்திய நிகழ்ச்சியைக் காப்பன. நிகழ்த்தாத நிகழ்ச்சியைப் பற்றி அவை நேரே பேசவில்லை. ஒருவரின் ஆளுமை உரிமை அவரோடு மறையும், வழித்தோன்றல்களைச் சாராது என்னும் கருத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் 2023-இல் மறைந்த நடிகர் ஒருவரைப் பற்றிய வழக்கில் கூறியது. உயிரோடுள்ள பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்தலை மும்பை உயர்நீதிமன்றம் 2024-இல் தடுத்தது. இருப்பவர்க்குக் காவல் உண்டு. இறந்தவர்க்குக் குடும்பத்தாரின் நல்லுணர்வே காவல். சித்துவின் பெற்றோர்க்கு அவ்வுணர்வு இருந்தது. ரகுமான் தாமே முன்வந்து இசைவு கேட்டார். இவ்விருவகையும் வாயாதபோது நிகழக் கூடியதை எண்ணின் அச்சமே மிகுகின்றது.

பாவலர் வரதராஜனின் மேடைப்பேச்சோ பாட்டோ சில நிமிடம் எங்கேனும் ஒலிநாடாவிற் கிடைப்பதாகக் கொள்வோம். அதனைக் கொண்டு கணிப்பொறி அவர் குரலை எழுப்பவும், அவர் எந்நாளும் ஏற்காத கட்சியொன்றின் தேர்தல் மேடையில் அவரைப் பாடவைக்கவும் இன்று இயலும். ஒரு காலத்து அரசியலைப் பாட்டாற் குத்தியவர் பிற்காலத்து அரசியலுக்குக் கூலிப்பாடகர் ஆவார். இது நிகழும் என்று நாம் சொல்லவில்லை. தடுக்கும் வேலி யாதும் காணவில்லை என்றே சொல்கின்றோம். குரல் எஞ்சாமையே அவருக்குக் காப்பாயிற்று என எண்ணும் நிலைக்கு ஓர் ஆராய்ச்சியாளன் வருதல் வருந்தத்தக்கது.

தேனி மாவட்டத்தில் இறந்தோர்க்கு எடுத்த பழைய நினைவுச் சின்னங்கள் 2006-இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த அந்நடுகற்களில் தமிழி எழுத்துக்கள் உள்ளன. கிறித்துவுக்கு முற்பட்டவை என ஆய்ந்தோர் கூறுவர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த வீரன் ஒருவனைக் குறிக்கின்றது. அக்கூடலூர் பவதாரிணி துயிலும் இடத்தை அடுத்த கூடலூரே எனக் கொள்வாரும் உளர். கல்வெட்டியவன் ஊர், பெயர், இறந்த வகை ஆகிய மூன்றனைப் பொறித்து உளியைக் கீழே வைத்துவிட்டான்.

மேற்கூறிய மாணவர்கள் பட்டியலைத் திருத்தியுள்ளனர். பவதாரிணி பாடியவை ஒரு பகுதி. ‘சின்னச் சின்னக் கண்கள்’ மட்டும் தனிப்பகுதி. அதன்கீழ் இசையமைத்தவர், பாடல் இயற்றிய கபிலன் வைரமுத்து, வெளியான நாள், குரல் உண்டாக்கப்பட்ட முறை ஆகியவற்றைக் குறித்துள்ளனர்; உயிரோடு பாடியவர் பெயருக்கு ஒரு வரி விட்டுள்ளனர். சித்து மூசேவாலாவின் பாடல்கட்கும் இவ்வாறே, 2022 மே 29-க்கு முன் வெளிவந்தவை, பின் வெளிவந்தவை எனப் பிரித்து, பின்னவற்றிற் பிறர் சேர்த்த குரலும் இசையும் எவை எனக் குறித்து வருகின்றனர். தனிப்பகுதிக்கு என்ன தலைப்பிடுவது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கின்றது. மிகைப்பாடல் என்றார் ஒருவர்; அது கவிஞன் பெயரால் பிறர் செய்ததைக் குறிக்கும் ஆதலின் உடன்பிறந்தாரின் அன்பைக் குற்றமாக்கும் என்று மற்றொருவர் மறுத்தார். பொருத்தமான சொல் அமையும்வரை அவ்விடத்தைப் புள்ளியிட்டு விட்டிருக்கின்றோம்.